வாளோடு வந்தவர்கள் வீடு கட்டிய ஊர்



உரோமைப் பேரரசு தன் எல்லை மாநிலங்களைக் காக்கத் தொலைநாடுகளிலிருந்து துணைப்படை வீரர்களைக் கொண்டுவந்தது. 25 ஆண்டுகள் பணி முடித்தவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. பலர் சொந்த ஊர் திரும்பாமல், பணி செய்த இடத்திலேயே குடும்பமாய்த் தங்கிவிட்டார்கள்.

நம் மயிலையிலும் இப்படி ஒன்று நடந்தது. 1520களில் போர்த்துகீசியர், புனித தோமையாரின் கல்லறையாகப் போற்றப்பட்ட இடத்தில் ஆலயம் எழுப்பினார்கள். அதைச் சுற்றிக் குடியேறியவர்களில் படைப்பணியை விட்டு வந்தவர்களும் இருந்தார்கள். நிலம் விஜயநகர மன்னருடையது. கோவாவின் அதிகாரம் இங்கே அவ்வளவாக எட்டவில்லை. துணி வணிகம் அவர்களுக்குச் சோறு போட்டது. பணியிலிருக்கும் வீரனைப் போர்த்துகீசியர் ‘சொல்தாதோ’ என்றார்கள். மணமுடித்துக் குடியமர்ந்தவனைக் ‘கசாதோ’ என்றார்கள்.

அந்தக் கசாதோக்களின் மனைவியர் பலர் இந்த மண்ணின் பெண்கள். அவர்களுடைய பெயர்களைப் பெரும்பாலும் எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் வாளோடு வந்தவனுக்கு நம் சோற்றையும் பேச்சையும் பழக்கி, அவனை ஊரில் ஒருவனாக்கியவர்கள் அவர்களே.

போர்த்துகீசியர் நம் கரையில் விட்டுச்சென்ற சில சொற்களைப் பாருங்கள்: ஜன்னல், சாவி, மேசை, அலமாரி. எல்லாமே வீட்டுச் சொற்கள்! 1606இல் மயிலை மறைமாவட்டம் உருவானது. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது, கோட்டை கைமாறியது. ஆனால் சாவியும் ஜன்னலும் இன்றும் நம் வீட்டில் இருக்கின்றன. ‘ஒளி’ என்று பொருள்படும் ‘லஸ்’ இன்றும் நம் பேருந்து நிறுத்தத்தின் பெயர்.

திருத்தூதர் பணிகள் 10ஆம் அதிகாரத்தில், இத்தாலியப் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவரான கொர்னேலியுவின் வீட்டுக்குப் பேதுரு செல்கிறார். யூதர் பிற இனத்தார் வீட்டுக்குள் போவது முறையல்ல என்று தெரிந்தும் உள்ளே நுழைகிறார்.

இன்று அடையாற்றிலும் தியாகராய நகரிலும் நம் அடுக்குமாடி வாசல்களில் காவல் நிற்பவர்களில் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ‘வாட்ச்மேன்’ என்று கூப்பிடுகிறோமே, அவர் பெயர் நமக்குத் தெரியுமா? அவர் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்டிருக்கிறோமா? நமக்கு முன் இங்கே வாழ்ந்த அந்தப் பெண்களின் பெயர்களை இனி நாம் மீட்க முடியாது. இவருடைய பெயரை இன்று மாலையே கேட்டுவிடலாம். கேட்போம், வரும் ஞாயிறு நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு அழைப்போம்.