எட்டாத கணுக்கள்

1904 ஏப்ரல் 7 அன்று பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹாம்ப்டன் யங், புற்று கண்ட புராஸ்டேட் சுரப்பியை முழுமையாக அகற்றினார். அருகில் நின்று உதவியவர் அவருடைய தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பகப் புற்றில் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது, அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் மார்புத் தசையையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையையே நம்ப வைத்தவர் அவர். (காலில் முள் தைத்துச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு.) யங் சென்றதோ விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட வழி. அங்கிருந்து இடுப்புக்குழியின் கணுக்கள் கைக்கு எட்டா. ஹால்ஸ்டெடின் கோட்பாடு அவர் கண்ணெதிரிலேயே கைகட்டி நின்றது வரலாற்றின் குறும்பு என்றே எனக்குப் படுகிறது.

1945இல், லண்டனில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர் டெரன்ஸ் மில்லின், அடிவயிற்றைக் கீறி முன் இடுப்பெலும்பின் பின்புறமாகச் சுரப்பியை அடையும் முறையை வெளியிட்டார். சாதாரண வீக்கத்துக்காக வகுத்த அந்த வழி பிற்பாடு புற்றுக்கும் பயன்பட்டது. கணுக்கள் கைக்கு எட்டின. கூடவே சிக்கலும் வந்தது. எடுத்த கணுவை உறையவைத்துச் சீவி, நோயாளி மேசையில் கிடக்கும்போதே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று தென்பட்டால் சுரப்பியைத் தொடாமலே வயிற்றைத் தைத்துவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருந்தது. மயக்கம் தெளிந்த மனிதர் முதலில் என்ன கேட்டிருப்பார்! ஹால்ஸ்டெடுக்குக் கணுவை எடுப்பது சிகிச்சை. இவர்களுக்கோ கணு வெறும் தூதன்.

அந்தத் தூதனை வரவழைப்பதற்கும் விலையுண்டு. வெட்டிய இடத்தில் நிணநீர் குளம் கட்டலாம், கால் வீங்கலாம், அருகிலோடும் பெருநாளங்களில் காயம் படலாம். ஆகவே யாருக்கு எடுப்பது என முன்கூட்டியே கணிக்க முற்பட்டார்கள். 1993இல் அதே ஹாப்கின்ஸில் ஆலன் பார்ட்டினும் உடனிருந்தோரும் பி.எஸ்.ஏ. இரத்த அளவு, கிளீசன் மதிப்பெண், கையால் தடவி அறியும் நிலை ஆகிய மூன்றையும் கொண்டு அட்டவணை வகுத்தனர். 2012இல் மிலான் நகரின் பிரிகாந்தி குழு, கணுவில் புற்றிருக்கும் வாய்ப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் விரிவாக எடுக்கலாம் என்றது. அந்த எல்லைக்கோட்டில் நிற்கும் நூறு பேரில் 95 பேர் நோயற்ற கணுக்களை இழப்பார்கள். ஐந்து பேருக்காக இது தகுமா என்பதைக் கணிதம் சொல்லாது.

எடுப்பதால் ஆயுள் கூடுமா? நியூயார்க்கில் 1,440 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, குறைவாக எடுப்பதையும் விரிவாக எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். 2021இல் வெளியான முடிவில், பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறுவதில் வேறுபாடு தென்படவில்லை. மேலும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, விரிவாக எடுத்தவர்களிடம் தொலைவுப் பரவல் குறைந்திருந்தது. கணுக்களைத் தொடாமலே விட்ட பிரிவு அந்த ஆய்வில் இல்லை.