ஓணம் போட்டோவில் கசவு வேட்டி: இந்த 'லுக்'குக்காக ஒரு காலத்தில் சண்டை நடந்தது தெரியுமா?

ஓணம் வந்தா ஆபீஸ்ல கசவு வேட்டி, செட் சேலை கட்டி குரூப் போட்டோ எடுப்போம். 'செம கேரளா லுக்' என்று கமெண்ட் வரும். அந்த லுக்கின் முக்கியமான முகவரி, திருவனந்தபுரம் பக்கத்து பாலராமபுரம். மன்னர் பாலராமவர்மா (1798–1810) காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து போய்க் குடியேறிய சாலியர் நெசவாளர்கள்தான் அங்கே தறி போட்டவர்கள். ஆக, 'அசல் மலையாளி' அடையாளத்தில் நம்ம ஊர் நூலும் கலந்திருக்கு.

ஆனால் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மண் அது. தோள்சீலைப் போராட்டம் கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் பல பத்தாண்டுகள் நடந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று 1859-ல் திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அதிலும் ஒரு கண்டிஷன்: உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது! துணியில்லை பிரச்னை, பார்க்கிறவர் கண்ணில் ரெண்டு பேரும் ஒண்ணாகத் தெரிஞ்சிடுவாங்களே என்பதுதான் பயம்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அய்யன்காளி. கோட்டுகாலுக்குப் பக்கத்து ஊரான வெங்கானூரில், புலையர் குடும்பத்தில் 1863-ல் பிறந்தவர். அவர் சமூகத்தினர் பொதுச்சாலையில் நடக்கவே தடை. 1893-ல் அவர் என்ன செய்தார்? மனு எழுதவில்லை. வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை அணிந்து, மணி கட்டிய மாடுகள் பூட்டிய வில்லுவண்டியில் அதே சாலையில் போனார். வயது முப்பது. நடந்து போயிருந்தாலும் தடையை மீறியதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் 'பார்க்கட்டும்' என்றே போனார். 1898-ல் பாலராமபுரம் சாலியர் தெருவில், ஆமாம், அந்த நெசவாளர் தெருவில்தான், பொதுவழியில் நடந்த அவரது ஆட்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் மோதல் வெடித்தது.

1915-ல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில், சாதி அடையாளமாகப் போட வேண்டியிருந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். எதை அணிவது என்பதைப் போலவே, எதை அணிய மாட்டேன் என்பதும் அங்கே ஓர் அறிவிப்பாக இருந்தது.

இன்னைக்கு உங்க டிபியை யாரும் தடை செய்யப் போவதில்லை. எது 'கிளாஸ்', எது 'லோக்கல்' என்று ரீல்ஸ் பார்த்து நாமே பிரிக்கிறோம். ஊர் தெரியுற மாதிரி இருக்கும் போட்டோவை நாமே டெலீட் பண்றோம். அய்யன்காளியின் வில்லுவண்டியோ கேரளத்துப் போஸ்டர்களிலும் சுவர்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.