இன்டர்ஃபெரானும் கிளமிடியாவும்

இன்டர்ஃபெரான் என்பது உயிரணுக்கள் சுரக்கும் ஒரு காப்புப் புரதம். 1957இல் இலண்டனில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மான் ஆகியோர் கோழிக்கருச் சவ்வையும் இன்ஃபுளுவென்சா வைரசையும் கொண்டு செய்த ஆய்வில் இதைக் கண்டறிந்தனர். வைரசின் பெருக்கத்தில் குறுக்கிடுவதால் இப்பெயர் வந்தது.

1960களில், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களில் கிளமிடியாவையும் இன்டர்ஃபெரான் தடுப்பது தெரியவந்தது. அன்று அது பெரும் புதிராகத் தோன்றியிருக்காது. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா நோயை உண்டாக்கும் கிளமிடியா உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவதால், அதையும் வைரசு என்றே நெடுங்காலம் கருதியிருந்தனர். ஆனால் டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் அதில் உண்டு. இரண்டாகப் பிளந்தே அது பெருகுகிறது. எனவே அது பாக்டீரியா என்பது அதே பத்தாண்டில் உறுதியானது. அப்படியானால் வைரசுக்கு எதிரான புரதம் பாக்டீரியாவை எவ்வாறு தடுக்கிறது?

விடை 1986இல் கிடைத்தது: பட்டினி. வெள்ளணுக்கள் சுரக்கும் காமா வகை இன்டர்ஃபெரானை இட்டதும், மனித உயிரணு தன்னிடமுள்ள டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைத் தானே சிதைக்கத் தொடங்குகிறது. அது கிடைக்காமல் கிளமிடியா வளர்ச்சி குன்றுகிறது. வளர்ப்பு ஊடகத்தில் டிரிப்டோபனைக் கூடுதலாகச் சேர்த்தால் மீண்டும் பெருகுகிறது. மனித உயிரணுவில் காணப்படும் இவ்வழியை எலி உயிரணுவுக்கு அப்படியே பொருத்த முடியாது.

பட்டினி எப்போதும் கொல்வதில்லை. காமா இன்டர்ஃபெரானைக் குறைந்த அளவில் இட்டபோது, கிளமிடியா பிளவுறாமல் பருத்து உயிரணுவுக்குள் தங்கிவிடுவதை 1993இல் வெளியான ஆய்வு காட்டியது. இன்டர்ஃபெரானை நீக்கியதும் அது மறுபடியும் தொற்றும் வடிவத்துக்குத் திரும்பியது.