செம்புத் தகடும் இரும்பு ஆணியும்: பிரித்தானியக் கடற்படையில் அரிமானத் தடுப்பின் தொடக்கம்

மரக்கப்பல்கள் வெப்பக் கடல்களில் நெடுநாள் தங்கும்போது அவற்றின் அடிப்பாகத்துக்கு இரண்டு கேடுகள் நேர்ந்தன. ஒன்று, மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கும் கப்பல் புழு. பெயரில் புழுவாயினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலியே. மற்றொன்று, பாசியும் கொட்டலசும் அடர்ந்து அப்பிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைப்பது. பிரித்தானியக் கடற்படை 1670-களில் ஈயத் தகடு போர்த்திப் பார்த்தது. ஆனால் சுக்கானைத் தாங்கிய இரும்புப் பகுதிகள் விரைவாகத் தேய்ந்துபோகவே, அம்முயற்சி கைவிடப்பட்டது. சுமார் தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1761-இல், 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செம்புத் தகடுகளால் மூடப்பட்டு, அக்கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டது.

1763-இல் அது கரையேற்றப்பட்டு ஆராயப்பட்டபோது, செம்பு பதிந்திருந்த இடங்களில் புழுவும் இல்லை, கொட்டலசும் இல்லை. எனினும் பல தகடுகள் கழன்று போயிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கூழ்போல் அரித்துக் கிடந்தன. சில ஆணிகள் மட்டும் கெடாமல் நின்றதற்குக் காரணம் தேடியபோது, தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அகற்றப்படாமல் ஆணிக்கும் செம்புக்கும் இடையே சிக்கியிருந்தது தெரியவந்தது. கடல்நீரில் இரும்பும் செம்பும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளக் கூடாது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். தவளைக் கால்களைக் கொண்டு கால்வானி செய்த ஆய்வுகள் 1791-இலும், வோல்ட்டாவின் மின்கலம் 1800-இலும் வெளிவந்தன என்பதை நினைத்தால், மின்வேதியியல் என்றொரு துறை பிறப்பதற்கு முன்பே அதன் அடிப்படை விதியொன்று கப்பல் பட்டறையில் எழுதிவைக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

அந்த விதியின் உட்பொருள் பின்னாளில்தான் விளங்கியது. உப்புநீரில் மூழ்கிய இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால், அவற்றுள் வினைத்திறன் மிகுந்த உலோகத்தின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகளாக நீரில் கரைகின்றன. இவ்வாறு கரையும் முனை ஆனோடு எனப்படும். விடுபட்ட எலக்ட்ரான்கள் தொடுகை வழியே மற்ற உலோகத்துக்குச் சென்று, அங்கே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடை உண்டாக்குகின்றன. இந்த முனை கேத்தோடு. இரும்பு செம்பைவிட வினைத்திறன் மிகுந்தது என்பதால் கரைவது இரும்பாகவே இருக்கும். மேலும், பரந்த செம்புப் பரப்பு முழுவதிலும் நிகழும் வினைக்குத் தேவையான எலக்ட்ரான்களையெல்லாம் சின்னஞ்சிறு ஆணி ஒன்றே கொடுக்க நேரிடுவதால், அதன் அழிவு பன்மடங்கு விரைவாகிறது.

அமெரிக்க விடுதலைப் போர் நெருக்கிய வேளையில், 1779 முதல், கடற்படை மேலாளர் சார்லஸ் மிடில்ட்டன் கப்பற்படை முழுவதற்கும் செம்பு போர்த்த முனைந்தார். மரங்களை ஊடுருவிப் பிணைத்த நீண்ட இரும்புப் போல்ட்டுகளைக் காக்க, பூச்சு தடவிய தடித்த காகிதம் செம்பின் அடியில் விரிக்கப்பட்டது. பழுப்புக் காகிதம் தந்த பாடத்தைப் பின்பற்றியதாக இதைக் கொள்ளலாம். ஆனால் ஓர் ஆணியைக் காத்த காகிதம் ஆண்டுக்கணக்கில் அலை மோதும் முழுக் கப்பலைக் காக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போல்ட்டுகள் கரைந்துகொண்டிருந்தன. 1780-களின் நடுவில் கடினப்படுத்திய செம்புப் போல்ட்டுகள் வந்த பிறகே இந்த அச்சம் தணிந்தது.

இரும்பின் சிக்கல் தீர்ந்ததும் செம்பின் தேய்மானம் கணக்கில் வந்தது. கடல்நீரில் செம்பு பச்சைக் களிம்பு ஏறி மெலிவதால், விலையுயர்ந்த தகடுகளை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. உருக்குபவர்கள் தரும் செம்பில் கலப்படம் இருப்பதே காரணம் என்று பலரும் நம்பினர். கடற்படை ராயல் சொசைட்டியின் உதவியை நாட, அதன் தலைவரும், மின்னோட்டத்தால் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தவருமான ஹம்ப்ரி டேவி இந்த ஆய்வை மேற்கொண்டார். செம்பை அரிப்பதில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனுக்குப் பங்குண்டு என்று அவர் காட்டினார். பின்னர், அலாம் கப்பலில் கேடாக நிகழ்ந்ததையே மருந்தாக மாற்றினார்: செம்பைவிட வினைத்திறன் மிகுந்த துத்தநாகத்தையோ வார்ப்பிரும்பையோ வேண்டுமென்றே செம்போடு இணைத்தால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும். 1824-இல் வெளியிட்ட கட்டுரைகளில் அவர் தந்த அளவுகள் துல்லியமானவை. காப்பு உலோகத்தின் பரப்பு செம்புப் பரப்பில் 40-இல் ஒரு பங்கு முதல் 150-இல் ஒரு பங்கு வரை இருந்தபோது செம்பு சற்றும் தேயவில்லை. 200-இல் ஒரு பங்கு முதல் 400-இல் ஒரு பங்கு வரை குறைந்தபோது தேய்மானம் படிப்படியாகக் கூடியது.

கொச்சியில் கட்டப்பட்டு 1822-இல் கடலில் இறக்கப்பட்ட 'சமராங்' என்னும் கப்பலில் வார்ப்பிரும்புக் காப்புகள் பொருத்தப்பட்டன. நோவா ஸ்கோஷியா வரை சென்று 1825-இன் தொடக்கத்தில் அது திரும்பியபோது, செம்பு புதிதுபோலவே இருந்தது. ஆனால் அதன்மேல் பாசியும் கொட்டலசும் மண்டியிருந்தன. உயிரினங்களை அண்டவிடாமல் செய்தது செம்பின் வழவழப்பு அன்று. அது கரையும்போது வெளிப்படும் நச்சுத்தன்மை கொண்ட செம்பு அயனிகளே. கரைவது நின்றதும் நஞ்சும் நின்றது. போதாக்குறைக்கு, கேத்தோடில் உண்டாகும் காரத்தன்மையால் கால்சியம், மக்னீசியம் சேர்மங்கள் வெண்படலமாகப் படிந்து, கொட்டலசு பற்றிக்கொள்ள வாகான தளத்தையும் அமைத்துத் தந்தன. காப்பின் அளவைக் குறைத்து, நஞ்சுக்கு வேண்டிய அளவு மட்டும் செம்பைக் கரையவிட முடியுமா என்று டேவி ஆராய்ந்தார். நிர்வாகத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 1825-இலேயே கடலில் செல்லும் கப்பல்களிலிருந்து காப்புகளை அகற்ற ஆணை பிறந்தது. டேவி ஏளனத்துக்கு ஆளானார். வேதியியலில் அவர் தவறவில்லை; செம்பின் அழிவுதான் கப்பலுக்கு வேண்டிய பயனைத் தந்தது என்பதை அப்போது எவரும் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 1832-இல் பர்மிங்காமைச் சேர்ந்த மன்ட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்ற, அறுபது பங்கு செம்பும் நாற்பது பங்கு துத்தநாகமும் கொண்ட கலப்புலோகம் மலிவானதாக இருந்ததால், தூய செம்புத் தகட்டின் இடத்தை அது பெருமளவு பிடித்தது.

இரும்புக்கு இந்த முரண்பாடு இல்லை. அது கரைவதால் கப்பலுக்கு எந்த நன்மையும் கிடையாது. டப்ளினில் வேதியியல் பேராசிரியராக இருந்த எட்மண்ட் டேவி, ஹம்ப்ரியின் ஒன்றுவிட்ட சகோதரர், மிதவைகளின் இரும்புப் பகுதிகளை 1829-இல் துத்தநாகக் கட்டிகளால் காத்தார். இன்றைய எஃகுக் கப்பல்களின் அடிப்பாகத்தில் பொருத்தப்படும் துத்தநாக, அலுமினியக் கட்டிகளும் இதே வேலையைச் செய்கின்றன. கொட்டலசைத் தடுக்கும் பொறுப்பு செம்பு ஆக்சைடு கலந்த பூச்சுகளிடம் தனியே ஒப்படைக்கப்பட்டுள்ளது. நிலத்தடிக் குழாய்களில் கொட்டலசின் தொல்லையே இல்லாததால், ஹம்ப்ரி டேவியின் கொள்கை அங்கே தடையின்றி வேரூன்றியது. 1928-இல் நியூ ஆர்லியன்சில் ராபர்ட் கூன், புறத்திலிருந்து மின்னோட்டம் செலுத்தி எரிவாயுக் குழாயைக் கேத்தோடாக்கினார். செம்பு சல்பேட் ஒப்பீட்டு மின்முனையை வைத்து அளக்கும்போது எஃகின் மின்னழுத்தம் −0.85 வோல்ட்டு அல்லது அதைவிடத் தாழ்ந்து இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த அளவுகோலைக் குழாய்ப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகின்றனர்.