டீ டேஸ்டர் பிறந்த கதை

கொழும்பில் ஃபெர்குசன் அச்சகத்தார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தலைப்பே தமிழ்: ‘இங்கே வா!’. கப்பலேறி மலைநாட்டுக்கு வந்திறங்கிய வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தோட்டத்தில் பேசிப் பிழைக்க எழுதப்பட்ட தமிழ்க் கையேடு அது. 1915இல் டபிள்யூ.ஜி.பி. வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்று இன்னொன்று எழுதினார். துரைமாருக்கும் தோட்டத்தொழில் படிக்க வரும் மாணவருக்கும் ஆனது என்று அதன் முகப்பிலேயே போட்டிருந்தது.

இலங்கைத் தேயிலைத் தொழிலில் ‘படிப்பு’ என்று ஒன்று தலைகாட்டியபோது அதன் முதல் பாடங்களில் ஒன்று தமிழ். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். பாடம் எங்கள் மொழி. ஆனால் அந்த மொழியைப் பேசியவர்களை யாரும் வகுப்பில் உட்கார வைக்கவில்லை.

கதையை ஜேம்ஸ் டெய்லரிலிருந்து தொடங்குவதுதான் முறை. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அவர், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பெக்டரி கிடையாது. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையாலேயே உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். இலை எந்த நேரத்தில் மணக்கும், எந்த நேரத்தில் புளிக்கும் என்பதை மூக்கும் கையும்தான் சொல்ல வேண்டியிருந்தது. உருட்டியவை எவருடைய கைகள் என்று கேட்டால் சரித்திரப் புத்தகங்களில் பெயர் இல்லை. 1873இல் லண்டனுக்குப் போன முதல் பொதி 23 இறாத்தல்.

1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் பத்துப் பதினைந்து ஆண்டில் கோப்பியை அழித்தது. அதுவரை கோப்பி மட்டுமே தெரிந்திருந்த துரைமார் அனைவரும் ஒரே சமயத்தில் மாணவர்களானார்கள். அப்போது நிலைத்த பயிற்சி முறைக்குக் ‘கிரீப்பர்’ என்று பெயர். கிரீப்பர் என்றால் பெரிய துரையோடு கொடி போல ஒட்டிக்கொண்டு தொழில் கற்கும் பையன். கற்றுக்கொடுப்பதற்கு அவன் வீட்டார் பணம் கட்டுவார்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் விடியற்காலைப் பிரட்டில் நிற்பது, மலைக்குப் போய்க் கொழுந்தின் தரம் பார்ப்பது, பெக்டரியில் இரவு நேரம் விழிப்பது, இவற்றோடு தமிழில் வேலை சொல்லப் பழகுவது. அவ்வளவுதான் பாடத்திட்டம். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அவனுக்கு வேலையைக் காட்டிக்கொடுத்தார்கள். சம்பளம் வாங்காத வாத்திமார் என்று அவர்களைச் சொல்வேன்.

ஆனால் தேயிலையை ருசித்துத் தரம் சொல்லும் டேஸ்டர் பிறந்த இடம் மலை அல்ல, கொழும்பு. 1883 ஜூலை 30ஆம் திகதி சோமர்வில் கம்பனி அலுவலகத்தில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. 1894இல் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் உருவானது. ஏலம் என்று வந்தபின், கண்ணால் பார்த்து மட்டும் விலை சொல்ல முடியாது. ஒரே தோட்டத்து பி.ஓ.பி. தரத் தூள் போன வாரம் ஒரு மாதிரி, இந்த வாரம் வேறு மாதிரி. ஆகவே விற்கும் தரகருக்கும் வாங்கும் கப்பல் வியாபாரிக்கும் நாக்கு தேவைப்பட்டது. ஏற்றுமதி வர்த்தகத்தில் தனித் தொழிலாக டேஸ்டர் வேரூன்றியது இப்படித்தான். அதற்குக் கல்லூரி கிடையாது. மூத்தவர் குடித்துத் துப்பிச் சொல்லச் சொல்ல, இளையவர் புத்தகத்தில் எழுதிக்கொண்டே பின்னால் போவார். பிறகு அவரும் குடிப்பார். ஆண்டுக்கணக்கில் அப்படித்தான்.

அந்த மேசையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வரிசையாக மூடியுள்ள வெள்ளைப் பீங்கான் குவளைகள். ஒவ்வொன்றிலும் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தின் எடையளவு தூள், ஏறக்குறைய 2.8 கிராம். கொதிக்கும் தண்ணீர் 140 மில்லிலீற்றர். ஆறு நிமிடம். 1980இல் சர்வதேசத் தர நிறுவனம் ஐ.எஸ்.ஓ. 3103 என்று எழுதிவைத்த அளவும் இதுவேதான். பிறகு சாயத்தைக் கிண்ணத்தில் வடித்து, வெந்த இலையை மூடியில் கவிழ்த்து வைப்பார்கள். புதுச் செப்புக்காசு நிறத்தில் இலை மின்னினால் நல்லது. மங்கிக் கறுத்திருந்தால் எங்கோ பிழை. கரண்டியில் அள்ளி, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். காற்றோடு சேர்ந்து போனால்தான் வாசம் நாக்கோடு நிற்காமல் மூக்கின் உட்புறம் வரை ஏறும். உறிஞ்சியதைத் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கிண்ணங்கள்.

அந்த ஒரு வாயில் அவர்கள் படிப்பது மலையில் நடந்ததை. கொழுந்து சரியாக வாடவில்லை, புளிக்கவைத்தது போதாது, அடுப்பில் தீய்ந்துவிட்டது, புகை பிடித்திருக்கிறது, முற்றிய இலை கலந்திருக்கிறது என்று குறிப்பு எழுதித் தோட்டத்துக்கு அனுப்புவார்கள். டீமேக்கர் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரோலர் நேரத்தை மாற்றுவார். அந்தத் திருத்தம் கடைசியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வரும். தராசு வாசலில், “இலை முத்திப்போச்சு” என்று ஏச்சு வாங்குவது கூடை சுமந்தவள்தான்.

இங்கே என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத்தூளை அவர் நேரே டப்பாவில் கொட்டமாட்டார். ஒரு சிட்டிகை உள்ளங்கையில் எடுத்து, வாயால் ஊதிச் சூடாக்கி, மோந்து பார்ப்பார். “இது மழைக் கொழுந்து” என்பார். அல்லது, “பனிக் காலத்துத் தூள், வச்சுக் குடிக்கலாம்” என்பார். வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மழையில் நனைந்த இலை ஒழுங்காக வாடாது, சாயம் சப்பென்று இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் பகல் வெயிலும் இரவுக் குளிரும் வறண்ட காற்றும் சேரும்போது வரும் தூளுக்கு ஏலத்தில் தனி மதிப்பு. அந்தக் காலத்தை வர்த்தகத்தில் ‘குவாலிட்டி சீசன்’ என்பார்கள். அம்மாவிடம் இருந்தது அதே அறிவு. பறித்த கொழுந்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தால் கசங்கிச் சூடாகி, பெக்டரிக்குப் போகுமுன்பே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால்தான் பிடி நிறையுமுன் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவார்கள். இதற்கு ஒரு சான்றிதழும் கிடையாது. அன்றைய கூலிக்கான பேர் மட்டும்தான் விழும்.

மலைக்கு விஞ்ஞானம் வந்தது 1925இல், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தோடு. அது பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. மண்ணும் நோயும் கவ்வாத்தும் பெக்டரி முறையும் ஆய்வுக்கு உட்பட்டு எழுத்தில் ஏறின. ஆனால் டேஸ்டர் மேசை வெள்ளையர் கையிலேயே இருந்தது. காரக் குழம்பு தின்னும் நாக்குக்குத் தேயிலை பிடிபடாது என்றொரு பேச்சு அன்று இருந்ததாக மெரில் ஜே. பெர்னாண்டோ சொல்லியிருக்கிறார். நீர்கொழும்புப் பக்கத்துக் கிராமத்தில் 1930இல் பிறந்த அவர், 1950களின் தொடக்கத்தில் இத்தொழிலுக்கு எடுக்கப்பட்ட முதல் இலங்கையரில் ஒருவர். லண்டனில் தேயிலை வர்த்தகம் நடந்த மின்சிங் லேனுக்கும் போய்ப் பயின்றார். இலங்கைத் தேயிலை அங்கே வேறு நாட்டுத் தூளோடு கலக்கப்பட்டு வேறொருவர் பெயரில் விற்பதைப் பார்த்தார். பின்னாளில் டில்மா என்று சொந்த வணிகப் பெயரில் பெட்டி கட்டி உலகத்துக்கு அனுப்பியதற்கு அந்தப் பார்வைதான் விதை. ஒரு நாக்குக்குப் பயிற்சி கொடுத்ததில் ஒரு நாட்டுத் தேயிலைக்கே முகவரி கிடைத்தது. பயிற்சியின் வலிமைக்கு இதைவிட நல்ல சாட்சியை நான் அறியேன்.

அதே ஆண்டுகளில் மலையகத் தமிழரின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. இலங்கையருக்கு என்று கதவு திறந்தபோது, நாங்கள் சட்டப்படி இலங்கையரே அல்ல. லயத்துப் பிள்ளை டேஸ்டர் ஆகாமல் போனதற்கு நாக்கையோ கெட்டித்தனத்தையோ குறை சொல்ல இடமில்லை. மிச்சமிருந்தோரின் நாடற்ற நிலை தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபின் முகாமையாளர்களைப் பழக்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவனம் வந்தது. பெருந்தோட்டத் தொழிலுக்கென்று டிப்ளோமாவும் சான்றிதழும் முறைப்படி கிடைக்கத் தொடங்கின. கிரீப்பர் காலம் கழிந்து பரீட்சைக் காலம் வந்தது என்று சொல்லலாம். 1998 ஜூன் 29ஆம் திகதி லண்டன் தேயிலை ஏலம் நின்றுபோனது. கொழும்பு ஏலம் இன்றும் வாரந்தோறும் நடக்கிறது. 2005இல் பதுளையில் எழுந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமே ஒரு பட்டப்படிப்பு. விறாந்தையில் முழங்கையால் உருட்டிக் கற்ற தொழில் பட்டம் வரை வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பட்டத்துக்கு உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வேண்டும். மலையகத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை இன்றும் குறைவு. என் மனதில் இதுதான் முள்ளாகக் குத்துகிறது. தொழிலைப் பிறப்பித்த ஊரின் பிள்ளைக்கு அதன் படிப்பு எட்டாத தூரத்தில் இருக்கக் கூடாது.

நுவரெலியா, ஹட்டன் பக்கத்து அம்மா அப்பாமாருக்கு ஒன்று சொல்கிறேன். தேயிலை என்றதும் பிள்ளையின் காதைப் பொத்தாதீர்கள். கூடை தூக்குவது வேறு, தேயிலை படிப்பது வேறு. தரகர் கம்பனியில், ஏற்றுமதி நிறுவனத்தில், ஆராய்ச்சி நிலையத்தில், பெக்டரித் தரக்கட்டுப்பாட்டில் வேலை இருக்கிறது. உயர்தரம் கைகூடாவிட்டாலும் தேசிய தொழில் தகைமை என்று ஏழு படி ஏணி உண்டு. ஏற்கெனவே கைவந்த திறமையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது.

பயிற்சி நிறுவனங்களை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம். 100 ஆண்டுக்கு முன் துரைமாருக்குத் தமிழ் படிப்பிக்கப் புத்தகம் போட முடிந்த நாடு இது. அப்படியானால் தேயிலைத் தயாரிப்பும் ருசி பார்த்தலும் ஏற்றுமதி நடைமுறையும் தமிழில் பாடப்புத்தகமாக வர வேண்டும். வகுப்பை ஹட்டனில் வையுங்கள். முதல் வரிசையில் கொழுந்து எடுக்கும் பெண்களின் பிள்ளைகளை உட்கார வையுங்கள்.