பைக்குக்கு ஊர் உண்டா?

தை பிறந்தால் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் காளை விடும் திருவிழா தொடங்கிவிடும். தெருவின் இருபுறமும் கட்டை கட்டி, ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடந்தது என்பதுதான் கணக்கு. மாடு பிடிக்கிற வேலை இல்லை. மைக்கில் காளையின் பேரோடு ஊர்ப் பேரும் வரும். அதைக் கேட்டதும் கூட்டத்தின் ஒரு மூலை எழுந்து கத்தும். முதல் பரிசு பல ஊர்களில் ஒரு பைக்.

அந்தப் பைக்கைப் பந்தயத்தில் ஓட்டினால் எந்த மூலை எழுந்து கத்தும்? திருத்தணியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிற இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பிவேலிக்கு வெளியே நின்றபோது இந்தக் கேள்வி வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பைக்குகள் ஒரே கொத்தாகச் சீறிக்கொண்டு போயின. யாருக்காகக் கைதட்டுவது என்று தெரியாமல் எல்லோருக்கும் பொதுவாகத் தட்டிவிட்டு வந்தேன். என்னுடன் வந்த மெக்கானிக் நண்பருக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர் வண்டியின் சத்தத்துக்குத் தட்டினார்.

இருங்காட்டுக்கோட்டையோடு ஒப்பிடுவதற்கு நான் எடுத்துக்கொண்டது பிரிட்டனின் ஸ்பீட்வே என்கிற பைக் பந்தய லீக்கை. அதன் முதல் அடுக்கை அல்ல, இரண்டாம் அடுக்கை. அங்கே பெர்விக் என்றொரு ஊர் இருக்கிறது. ட்வீட் ஆற்றங்கரை, இங்கிலாந்தின் வடகோடி. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பத்துத் தடவைக்கு மேல் கைமாறி, 1482-லிருந்து இங்கிலாந்தோடு நிற்கிறது. ஆனால் ஊரின் கால்பந்து அணி விளையாடுவது ஸ்காட்லாந்துப் போட்டிகளில். திருத்தணிக்காரனுக்கு இது அந்நியமான கதை அல்ல. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போய், ம.பொ.சி.யின் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுக்குத் திரும்பிய ஊர் இது. இன்றைக்கும் கடைவீதியில் பாதிப் பேரம் தெலுங்கில்தான் படிகிறது.

ஒரு வித்தியாசம். பெர்விக்கில் பன்னிரண்டாயிரம் பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். திருத்தணி நகரம் அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல். ஆனால் பெர்விக்குக்கு 1968-லிருந்து ஒரு பைக் அணி இருக்கிறது. அணியின் பேர் ‘பேண்டிட்ஸ்’, கொள்ளைக்காரர்கள். எல்லைப்புறம் ஒரு காலத்தில் மாடு ஓட்டிக்கொண்டு போகிற கொள்ளையருக்குப் பேர் போனது. அந்த அவப்பேரையே சட்டையில் போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

ஸ்பீட்வே பைக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையாது, முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நீள்வட்டமான மண் தடத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். பின் சக்கரத்தை வழுக்கவிட்டு, முன் சக்கரத்தை வளைவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவார்கள். அந்தக் காலின் பூட்ஸுக்கு அடியில் இரும்பு லாடம் இருக்கும். பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்தவர்கள், அந்தக் கிணற்றைத் தரையில் விரித்துப் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டால் போதும். நான்கு பேர், நான்கு சுற்று, ஏறக்குறைய ஒரு நிமிடம். முதலாவது வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசி ஆளுக்குச் சுழி.

இதில் இருவர் ஓர் ஊர், இருவர் மற்றோர் ஊர். அணிக்கு ஏழு பேர். ஒரு மாலையில் 15 ஓட்டங்கள். ஓட்டத்துக்கு 6 புள்ளி என்றால் மொத்தம் 90. 46 எடுத்தவர் ஜெயித்தார். எட்டு வயதுப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. வருகிறவர்கள் ஒரு சிறு புத்தகம் வாங்கி, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கட்டத்தில் பேனாவால் புள்ளி எழுதுவார்கள். இந்தப் பழக்கம்தான் என்னை இழுத்தது. நம்மூரில் பேருந்து நிலைய டீக்கடையில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்ட தலைமுறைக்கு இதன் ருசி தெரியும். தன் ஊர்ப் பையன் முதலாவது வராவிட்டாலும் மூன்றாவது வந்து எடுத்த அந்த ஒற்றைப் புள்ளி, பதினைந்தாவது ஓட்டத்தில் ஊரைக் காப்பாற்றலாம்.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம். 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம், நீளம் 3.717 கிலோமீட்டர். தார்ச் சாலை, இடமும் வலமுமாக வளைவுகள், ஒரு சுற்றுக்கே ஏறக்குறைய இரண்டு நிமிடம். இங்கே நடக்கும் தேசிய மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் பிரிவுகளைக் கேளுங்கள்: 165 சிசி வரை ஒன்று, 301 முதல் 400 சிசி வரை ஒன்று, புதியவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பிரிப்பது என்ஜின் அளவும் அனுபவமும். அணிகளின் பேர் டிவிஎஸ், ஹோண்டா, பிறகு தனியார் பயிற்சிக் கூடங்கள். ஓட்டுகிறவர்கள் சென்னை, பெங்களூரு, திருச்சூர், கோலாப்பூர் என்று பல இடத்துப் பிள்ளைகள். எந்த அணியின் பேரிலும் ஊர் இல்லை.

அங்கே பருவத்தின் சொந்தக்காரன் ஊர், இங்கே கம்பெனி. நான் கண்ட மற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

அதற்காகக் கம்பெனியைக் குறைசொல்லிவிட முடியாது. ஓசூர் டிவிஎஸ் 1982-லேயே பந்தயப் பிரிவு தொடங்கியது. ஒரே மாடல் வண்டியை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டவைக்கும் அதன் போட்டி 1994-லிருந்து நடக்கிறது. தடத்தில் கற்றது நாளைக்கு அரக்கோணம் சாலையில் ஓடுகிற அப்பாச்சியில் வந்து சேரும். ஸ்பீட்வே பைக் எந்தச் சாலையிலும் ஓடாது. பிரேக் இல்லாத வண்டிக்கு எந்த ஆர்.டி.ஓ. எஃப்.சி. கொடுப்பார்? இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றி ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா என்று ஆலைகள் நிற்கின்றன. தடம் அந்தத் தொழிலின் பரிசோதனைக் கூடம் மாதிரி இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் சமன் செய்கிற முறையில்தான் இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. நாம் வண்டியைச் சமன் செய்கிறோம்: எல்லோருக்கும் ஒரே பைக், ஒரே டயர், திறமை பேசட்டும் என்கிறோம். அவர்கள் அணியைச் சமன் செய்கிறார்கள். ஒவ்வொரு வீரரும் எடுத்த புள்ளியை ஓட்டங்களால் வகுத்து நான்கால் பெருக்கினால் அவருடைய சராசரி. எல்லா ஓட்டத்திலும் முதலாவது வருகிறவருக்கு 12. ஏழு பேரின் சராசரியைக் கூட்டினால் லீக் விதித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். இந்த ஆண்டு எல்லோரும் நன்றாக ஓட்டினார்கள் என்றால் எல்லோருடைய சராசரியும் ஏறிவிடும். அடுத்த பங்குனியில் யாரையாவது அனுப்பியாக வேண்டும். ஜெயித்தால் பிரிய வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். கொடுமைதான். ஆனால் பெர்விக் போன்ற சின்ன ஊர், பெரிய நகரத்தின் அணியோடு மல்லுக்கு நிற்க முடிவது இந்தக் கொடுமையால்தான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. முக்கிய வீரருக்கு அடிபட்டால், அன்றிரவுக்கு மட்டும் இன்னோர் ஊர் அணியின் வீரரை இரவல் வாங்கலாம். நம்மூர்க் கபடியில் வெளியூர் ஆளை இறக்கினால் நடுவரின் சட்டை கிழியும். அங்கே அதற்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள்.

பணத்தில் யார் நிலை மேல் என்று கேட்டால், எனக்கு இரண்டுமே பரிதாபமாகத் தெரிகின்றன. இரண்டாம் அடுக்கு ஸ்பீட்வே வீரர் புள்ளிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். வண்டி, என்ஜின், வேன் எல்லாம் சொந்தச் செலவு. பகலில் வேறு வேலைக்குப் போகிறவர்கள் பலர். புள்ளி எடுக்காவிட்டால் கூலியும் இல்லை. நம் பக்கம், கம்பெனி அணியில் இடம் கிடைத்தவருக்கு வண்டிக் கவலை இல்லை. கிடைக்காதவர், அப்பாவின் நிலத்தையோ அம்மாவின் நகையையோ நம்பி வருகிறார்.

ஊர் சொந்தம் கொண்டாடினால் எல்லாம் நிலைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வொர்க்கிங்டன் என்ற கடலோரச் சிற்றூரின் அணி 2018-ல் இரண்டாம் அடுக்கு லீக்கை வென்றது. அதே ஆண்டில் நாக்-அவுட் கோப்பையும் ஷீல்டும் சேர்ந்து வந்தன. அடுத்த பருவத்துக்கு அணியே இல்லை. மூன்று கோப்பையும் கையில் இருக்க, கணக்குப் புத்தகம் கவிழ்த்துவிட்டது. சில ஆண்டு கழித்து வேறொரு தடத்தில் மீண்டும் வந்தார்கள் என்பது பின்கதை.

இரண்டாம் அடுக்கு என்றால் தாழ்வு என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. பூல் என்ற ஊரின் அணி 2019-க்குப் பிறகு முதல் அடுக்கிலிருந்து தானாகவே இறங்கி வந்தது. யாரும் தள்ளவில்லை. இறங்கி வந்து 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. உலகப் பட்டத்தை மூன்று முறை வென்ற டை வொஃபிண்டன் சிறுவயதில் தேறியதும் இந்தக் கீழ் அடுக்குகளில்தான். ஒரே வீரர் ஒரு நாள் மேல் அடுக்கிலும் இன்னொரு நாள் கீழ் அடுக்கிலும் ஓட்டலாம். ஏணியின் இரண்டு படியிலும் ஒரே நேரத்தில் கால் வைக்க இடம் கொடுக்கிறார்கள்.

நம்மிடம் ஏணியில் நடுப்படிகள் குறைவு. மாவட்டம், மாநிலம் என்று கபடிக்கு இருப்பது போல் பைக்குக்கு இல்லை. நேரே தேசியம், அதற்கு மேல் ஆசியா, அப்புறம் உலகம். சென்னையின் சரத்குமார் 2011-ல் 125 சிசி உலகப் பந்தயத்தில் ஓட்டி, அந்த மேடையேறிய முதல் இந்தியரானார். பிறகு ஒரு கூட்டம் அவர் பின்னால் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஜெகன் குமார் பலமுறை தேசிய சாம்பியன். திருத்தணிப் பேருந்து நிலையத்தில் அவர் இறங்கி நடந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்?

ஒன்றில் நாம் மேல். பெண்களுக்குத் தனிப் பிரிவு வைத்து ஓட்டுகிறோம். சென்னையிலிருந்து மட்டும் ரிஹானா பீ, ஆன் ஜெனிஃபர் என்று பேர்கள் உண்டு. அங்கே ஸ்பீட்வே தொடங்கிய புதிதில், 1928-29 வாக்கில், அயர்லாந்தின் ஃபே டெய்லர் ஆண்களை முந்திக்கொண்டிருந்தார். 1930-ல் பெண்களே ஓட்டக்கூடாது என்று பிரிட்டனில் தடை போட்டார்கள்.

ஆபத்து இரு பக்கமும் ஒன்றுதான். 2012-ல் போலந்து ஸ்பீட்வே லீக்கில் லீ ரிச்சர்ட்சன் என்ற வீரர் தடுப்பில் மோதி இறந்தார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்தச் சுற்றின் மீதிப் போட்டிகளை நிறுத்தினார்கள். பதின்மூன்று வயதுக்கு அந்தத் தடம் தேவையா என்று நான் கேட்டால், பந்தயக்காரர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் என்பார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

நம் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லக்கூடாது. எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துச் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தார்கள். நிரந்தரத் தடம் இருங்காட்டுக்கோட்டையில் வந்தது. பாதுகாப்பு கூடியது, கூட்டம் கரைந்தது. 2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித்தின் அணி தன் பிரிவில் மூன்றாவது வந்தபோது அங்கே எழுந்த ஆரவாரத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? கார்ப் பந்தயத்தின் விதி அங்கே கத்தியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கத்துவதற்கு ஒரு பேர் கிடைத்தது, கத்தினார்கள்.

2024-ல் தொடங்கிய இந்திய சூப்பர்கிராஸ் லீக், வீரர்களை அணிகளுக்கு ஏலம்விட்டு இந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கிறது. ஆனால் அங்கேயும் அணியின் முகம் பெரும்பாலும் முதலாளிதான், ஊர் அல்ல. புனேயில் மண் கொட்டி ஓட்டினாலும் புனேக்காரன் கத்துவதற்குப் புனே என்றொரு அணி வேண்டுமே.

என் தீர்ப்பு இது: ஓட்டத்தில் நாம் குறைந்தவர்கள் அல்ல, வண்டியில் அவர்களைவிட மேல். பெர்விக்கிடம் வாங்க வேண்டியது அந்தப் பேர் ஒன்றுதான். அதற்குப் புதுத் தடம் வேண்டாம், ஏலம் வேண்டாம். நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பைக்குகள் வரிசையில் நிற்கும்போது, மைக்கில் கம்பெனியின் பேரைச் சொல்வதற்கு முன்னால் ஓட்டுகிறவரின் ஊரைச் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு: திருவள்ளூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், அங்கிருந்து சென்னை திசையில் திரும்ப வேண்டும். சுற்றுகள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்துவிடும். ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள், காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.