சிடி காப்பி எடுத்த கதை

வாலாஜாபாத்தில் இருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருப்பது எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே தெரிந்த சங்கதி. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் அந்தச் சுவரில் இருந்தது புத்தகத்துக்கு எப்படி வந்தது? கல்வெட்டுத் துறையினர் சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தார்கள். அந்தப் படியை வைத்துத்தான் அறிஞர்கள் படித்தார்கள். ஓலைச்சுவடியும் அப்படித்தான். பூச்சி அரிக்கும் முன்பு யாரோ ஒருவர் புது ஓலையில் திரும்ப எழுதி வைத்ததால்தான் பல நூல்கள் இன்று கையில் இருக்கின்றன.

ஆக, காப்பி எடுப்பது நம் ஊருக்குப் புதிய பழக்கம் இல்லை. இதே பழக்கம் கம்ப்யூட்டருக்கு வந்தபோது என்ன நடந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சிடி என்றால் என்ன?

ஃபிலிப்ஸ், சோனி இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 செ.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன். பாட்டை நொடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக்கி, இடது வலது என்று இரண்டு தடங்களில் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 10 மெகாபைட். பிறகு வந்த ஃப்ளாப்பியில்கூட 1.44 மெகாபைட்தான் கொள்ளும். ஒரு 700 எம்பி சிடியில் இருப்பதை வைக்க 487 ஃப்ளாப்பி வேண்டும்! அதனால்தான் ஆரம்பத்தில் சிடியை யாராவது காப்பி எடுப்பார்கள் என்று பாட்டுக் கம்பெனிகள் பெரிதாகக் கவலைப்படவில்லை. காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டு எதுவும் அசல் சிடி விதிமுறையில் கிடையாது.

அந்த நிம்மதி கொஞ்ச காலம்தான். ஜப்பானின் தாயோ யூடன் கம்பெனி, சாயம் பூசிய தட்டில் லேசரால் ஒருமுறை எழுதும் சிடி-ஆர் முறையை 1988-இல் கொண்டு வந்தது. பத்து ஆண்டுகளில் அது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது.

எரிக்கும் கலை

சிடியில் எழுதுவதை ஏன் 'பர்ன்' பண்ணுவது என்கிறார்கள்? லேசர் நிஜமாகவே அந்தச் சாயத்தைச் சூடாக்கி மாற்றுகிறது. ஒருமுறை மாறினால் மாறியதுதான். பழைய ரைட்டர்களில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. லேசர் எழுத ஆரம்பித்தால் நடுவில் நிற்காது. கம்ப்யூட்டர் தகவலைத் தருவதில் ஒரு கணம் பிந்தினாலும் தட்டு பாழ். அதனால் சிடி எழுதும்போது மவுஸைத் தொடாதே, வேறு எந்த புரோகிராமையும் திறக்காதே என்று சொல்வார்கள். மின்சாரம் போனாலும் அதே கதிதான். 2000-இல் சான்யோ கம்பெனி 'பர்ன் புரூஃப்' என்ற நுட்பத்தைக் கொண்டு வந்தது. விட்ட இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் தொடரும். அதற்குப் பிறகுதான் நீரோ மாதிரி சாஃப்ட்வேரை வைத்து யார் வேண்டுமானாலும் பயமில்லாமல் எழுத முடிந்தது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. டேட்டா சிடியும் பாட்டு சிடியும் ஒன்றில்லை. சிடியில் ஒரு துண்டுக்கு 2,352 பைட். டேட்டா சிடியில் அதில் 2,048 மட்டும்தான் தகவல். மீதியில் கணிசமான பகுதி பிழை திருத்தத்துக்கு. பாட்டு சிடியில் 2,352-ம் பாட்டுக்கே போய்விடும். விசிடி நடுவில் நிற்கிறது, 2,324 பைட் படத்துக்கு. அதாவது ஒரு கீறல் விழுந்தால் டேட்டா சிடி கொஞ்சம் சமாளிக்கும். விசிடி கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். பழைய விசிடியைப் போட்டு, 'எம்பெக்ஏவி' ஃபோல்டருக்குள் இருக்கும் டாட் ஃபைலை காப்பி செய்யும்போது பாதியில் எரர் வருகிறதே, காரணம் இதுதான்.

கேசட்டில் இருந்து விசிடிக்கு

தமிழ்நாட்டுச் சிறிய ஊர்களில் காப்பி எடுப்பது சிடிக்கு முன்பே ஒரு தொழில். பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் ரெக்கார்டிங் கடைக்காரர் கேசட்டில் பதிந்து தருவார். கேசட்டை ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும், ஒவ்வொரு காப்பிக்கும் ஒலி கொஞ்சம் மங்கும். சிடியில் இரண்டு கஷ்டமும் இல்லை. 52 எக்ஸ் ரைட்டரில் ஒரு முழு சிடி சில நிமிடங்களில் முடிந்தது. எம்பி3 வந்ததும் ஒரே தட்டில் 140 பாட்டு வரை அடக்கினார்கள்.

படத்துக்கு விசிடி. 1993-இல் வந்த முறை. ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் இரண்டு தட்டில் கச்சிதமாக அடங்கிவிடும். இடைவேளையில் தட்டை மாற்றலாம் :-)

இங்கேதான் 'திருட்டு விசிடி' என்ற சொல் தமிழுக்கு வந்து சேர்ந்தது. புதுப்படம் தியேட்டரில் ஓடும்போதே தட்டு தெருவுக்கு வந்தது. சென்னை பர்மா பஜார் இதற்குப் பேர் போனது. படம் எடுத்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. சிறிய ஊர்த் தியேட்டரின் வசூலே அடிபட்டது. தமிழக அரசு 2004-இல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, வீடியோ திருடர்களையும் அதில் சேர்த்தது. விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்கலாம். வன்முறைக் கும்பல்களுக்கு உள்ள சட்டம் சிடிக்கும் வந்தது!

விலையால் அடிக்க முயன்ற கம்பெனி

வணிகவியல் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு படத்தை எடுக்க ஆகும் செலவு பெரியது. ஆனால் கூடுதலாக ஒரு தட்டு அடிக்க ஆகும் செலவு மிகச் சிறியது. திருடுபவருக்கு முதல் செலவு இல்லை, இரண்டாவது மட்டும்தான். பிறகு எப்படிப் போட்டி போடுவது?

மோசர் பேர் என்ற இந்தியக் கம்பெனி இதற்கு ஒரு விடை சொன்னது. 1983-இல் தொடங்கி, ஃப்ளாப்பி செய்து, பிறகு 1999 முதல் வெற்று சிடி செய்து உலகின் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்த கம்பெனி. வெற்றுத் தட்டு விற்றவர்களே 2007 வாக்கில் படங்களின் உரிமையை வாங்கி, விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்றார்கள். தமிழ்ப் படங்களும் வந்தன. நூறு ரூபாயைத் தாண்டி விற்ற ஒரிஜினல், திருட்டு சிடி விலைக்கு இறங்கியது. பழைய படங்களில் இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நேற்று வெளியான படத்தை அவர்களால் தர முடியாது, திருடுபவர் தருவார். அதற்குள் பென் டிரைவும் இன்டர்நெட்டும் வந்து, தட்டு வாங்கும் பழக்கமே குறைந்தது. கடனில் மூழ்கிய மோசர் பேர் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. திருட்டு விசிடியும் ஒரிஜினல் விசிடியும் ஒன்றாகவே செத்தன.

எல்லாக் காப்பியும் திருட்டா?

இல்லை. விலை கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேருக்குப் பாதுகாப்புக்காக பேக்கப் எடுத்துக்கொள்ள, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதி தருகிறது. காப்பி எடுப்பதற்கென்றே வெளியிட்ட சிடிகளும் உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய இலவச சிடியை சென்னையில் வெளியிட்டது. லினக்ஸ் சிடிகள் இன்னொரு உதாரணம். ஒருவர் டவுன்லோட் செய்து பத்துப் பேருக்கு எழுதிக் கொடுத்தால் அது குற்றமில்லை, அது தொண்டு!

இப்போது என்ன அவசரம்?

திருட்டு சிடி தொலைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் படம் வேறெங்காவது கிடைக்கும். ஆனால் அதே காலத்தில், அதே பத்து ரூபாய்த் தட்டில், ஸ்டூடியோக்காரர்கள் எழுதிக் கொடுத்த கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா சிடிகள்? அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. போன தாத்தா பாட்டியின் குரல் அதில் மட்டும்தான் இருக்கும். சிடி-ஆர் சாயம் வெயிலிலும் சூட்டிலும் ஈரத்திலும் கெடும். இன்னொன்று, சிடியில் தகவல் இருப்பது பளபளக்கும் பக்கத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேல்பக்கம், பெயர் எழுதும் மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே கெடலாம்.

செய்ய வேண்டியது எளிது. பீரோவில் இருக்கும் சிடிகளைத் தேடி எடுங்கள். லேப்டாப்பில் டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி டிவிடி ரைட்டர் போதும். மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறைந்த வேகத்தில் காப்பி எடுங்கள். எரர் வந்தால் உடனே தூக்கிப் போடாமல் வேறொரு டிரைவில் முயன்று பாருங்கள். 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் கெட்ட இடத்தைத் தள்ளிவிட்டு நல்லதை முதலில் எடுத்துவிடும். எடுத்ததை இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டு 1,100 ஆண்டு தாங்கியது. அதற்கே படி எடுத்து வைத்தார்கள். இருபது வயதான சிடிக்கு எடுக்க வேண்டாமா?